சிலையின் கையில் ஒரு புத்தகம்

பிலிப்பைன்ஸின் தலைநகராகிய மணிலாவில், லுனேட்டா மைதானத்தில், ஹோசே ரிசாலின் சிலை நிற்கின்றது. 1913ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட அச்சிலையின் அடியில் அவரது எலும்புகள் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளன. பிறநாட்டுத் தலைவர்கள் அங்கு சென்று மலர்வளையம் சாத்தித் தலைவணங்குவது வழக்கம். சிலையின் கையில் ஒரு புத்தகம் இருக்கின்றது. அப்புத்தகத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்போர் அவர்களுள் எத்தனை பேர்? இக்கேள்வியையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

ரிசாலைப்பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. ஆளும் வர்க்கத்தார் காட்டும் ரிசால் சாந்த சொரூபி, கல்வியை நம்பியவர், கிளர்ச்சியை வெறுத்தவர், மாணாக்கர் பின்பற்ற வேண்டிய நல்லொழுக்கத்தின் வடிவம். மறுபுறத்தில் நம்மைச் சார்ந்த நண்பர்கள் சிலர், அவர் வெறும் சீர்திருத்தவாதி, அமெரிக்கர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வீரர் என்று ஒதுக்குவர். இவர்களுக்கு ஆதாரமாய் அமைவது, 1969இல் ரெனாட்டோ கொன்ஸ்தாந்தினோ என்னும் வரலாற்றறிஞர் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவாகும். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒற்றுமைப்படுகின்றனர்: ரிசாலின் நாவல்களை இருவருமே ஆழ்ந்து படிப்பதில்லை.

1861 யூன் 19இல் லகூனா மாகாணத்துக் காலம்பாவில் ரிசால் பிறந்தார். வசதியான குடும்பந்தான், ஆயினும் அவர்கள் பயிரிட்ட நிலம் அவர்களுடையதன்று. டொமினிக்கன் துறவிச் சபையாருக்கு உரிய பெரும் பண்ணையின் குத்தகைக்காரர் அவர்கள். அவர் சிறுவனாயிருக்கையில் தாயார் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் இரண்டரை ஆண்டளவு சிறையிருந்தார். 1872 பெப்ரவரியில், நாட்டுக் குருமாரின் உரிமைக்காகப் பேசிய மூவர், கிளர்ச்சிக்கு உடந்தையென்ற பழியோடு கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். ரிசால் தமது இரண்டாவது நாவலை அம்மூவருக்கே காணிக்கையாக்கினார்.

1887இல் பேர்லினில் ‘நோலி மே தாங்கெரே’ வெளிவந்தது. அதே காலத்தில் காலம்பாக் குத்தகைக்காரர் தம் குறைகளை எழுதி முறையிட ரிசால் துணைநின்றார். விளைவு என்ன? வழக்குகள் தோற்றன. ஆளுநர் வெய்லர் படையை அனுப்பினார். குடும்பங்கள் வீடிழந்து தெருவுக்கு வந்தன. ரிசாலின் உறவினர் வேறு தீவுகளுக்குக் கடத்தப்பட்டனர். இந்த அநுபவத்தின் சூட்டோடு எழுதப்பட்டதே 1891இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் அச்சேறிய ‘எல் பிலிபுஸ்தெரிஸ்மோ’. அந்நாவலில் தாலெஸ் என்னும் உழவன் காடு வெட்டித் திருத்துகிறான். காய்ச்சலுக்கு மனைவியையும் மகளையும் பலிகொடுக்கிறான். விளைச்சல் கண்டதும் துறவிச் சபை நிலத்துக்கு உரிமை கொண்டாடி ஆண்டுதோறும் குத்தகையை உயர்த்துகிறது. நீதிமன்றம் கைவிட்ட பின் அவன் ஆயுதமேந்துகிறான். கதையின் இடையே ஆசிரியர் காலம்பா மக்களை நேரே விளித்து, பாதிக்கப்பட்டோரின் மெய்ப்பெயர்களை, தம் தமையனார் பெயருட்பட, வரிசைப்படுத்துகின்றார். சாந்த சொரூபி செய்யும் காரியமா இது?

அந்நாவலின் முடிவை ஆளும் வர்க்கத்தார் மிக விரும்புவர். சிமோன் என்னும் இரத்தின வணிகன் திருமண விருந்தொன்றில் வெடிவிளக்கை வைக்கிறான், இளைஞன் ஒருவன் அதை ஆற்றிலெறிகிறான், சதி தோற்கிறது. ஆகவே புரட்சி கூடாதென்பதே ரிசாலின் தீர்ப்பு என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. சிமோன் மக்களைத் திரட்டியவனல்லன். ஊழலை மேலும் பெருக்கி, மக்களை மேலும் வருத்தி, அவர்கள் பொங்கியெழுவர் எனக் கணக்கிட்ட செல்வன் அவன். தன் பழியையும் தன் காதலையும் நாட்டு விடுதலையோடு முடிச்சுப்போட்டவன். அத்தகைய தனிமனிதச் சதி தோற்கும் என்று காட்டுவது புரட்சியை மறுப்பதாகாது.

இனி, நண்பர்களின் வாதத்துக்கு வருவோம். அவர்கள் கூறுவனவற்றுள் உண்மை உண்டு. அதனை மூடிமறைப்பது நமக்கு அழகன்று. 1892 யூலை 3இல் ரிசால் அமைத்த ‘லீகா பிலிப்பினா’ சட்டத்துக்குட்பட்ட சங்கமே. சில நாட்களில் அவர் கைதாகித் தபித்தான் ஊருக்குக் கடத்தப்பட்டார். அச்சங்கத்தில் இருந்தவரும், வணிக நிறுவனமொன்றின் பண்டகசாலையில் உழைத்தவருமான அந்திரேஸ் பொனிபாசியோ, கத்திபுனான் என்னும் இரகசியப் புரட்சி இயக்கத்தைத் தொடங்கினார். 1896இல் அவ்வியக்கத்தின் தூதர் தபித்தான் சென்றபோது, ஆயத்தமில்லாத எழுச்சிக்கு ரிசால் இசையவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் 15இல், சிறையிலிருந்து எழுதிய அறிக்கையில், எழுச்சியைக் கண்டித்தார். சீர்திருத்தம் மேலிருந்தே வரவேண்டும் என்றார். தமது நூல்கள் யாரைத் தட்டியெழுப்பினவோ அவர்களையே அவரால் அடையாளங் காண முடியவில்லை. இது அவர் வர்க்கத்தின் எல்லை, அவரது எல்லையுங்கூட.

ஆனால் ஸ்பானிய அரசு அவ்வறிக்கையை வெளியிடவுமில்லை, அவரை மன்னிக்கவுமில்லை. டிசெம்பர் 30ஆம் நாள் விடியலில், முப்பத்தைந்தாவது வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தாளனின் உள்நோக்கத்தை அல்ல, எழுத்தின் விளைவையே அதிகாரம் அளந்தது. அந்த அளவில் அது நம் நண்பர் சிலரைவிடக் கூர்மையாகவே படித்திருந்தது.

அமெரிக்கர் படைத்த வீரர் என்பதும் அரையுண்மையே. கத்திபுனான் உறுப்பினர் ரிசாலின் பெயரையே அடையாளச் சொல்லாக வழங்கினர். அவர் இறந்த நாளைத் துக்கநாளாக 1898 டிசெம்பரில் அறிவித்தது அகினால்டோவின் புரட்சி அரசு. அமெரிக்கர் செய்தது வேறு. 1901இல் ஒரு மாகாணத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1902இல் அவர் நினைவுநாளை விடுமுறையாக்கினர். இவ்விரண்டுக்கும் இடையில், 1901 நவம்பரில், நாட்டு விடுதலை கோரிப் பேசுவதையே குற்றமாக்கும் சட்டமும் இயற்றினர். 1903இல் துறவிச் சபைகளின் ஏறத்தாழ நான்கு இலட்சம் ஏக்கர் நிலத்தை எழுபது இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கினர். உழுதவனுக்கு அது இனாமாகக் கிடைத்ததா? இல்லை, விலைக்கு விற்கப்பட்டது. மிண்டோரோத் தீவின் சான் ஹோசே பண்ணை அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் கைக்குப் போயிற்று. ரிசாலுக்குச் சிலை, தாலெசுக்குக் கடன். எதிரி ஒருவனைப் புகழ்ந்தான் என்பதற்காக அவனை நாம் எதிரியிடமே விட்டுவிடுவதா?

சிலை வைப்பதைவிடப் படிப்பது அபாயமானது என்பதற்கு 1956 சான்று. கிளாரோ ரெக்தோ முதலானோர், ரிசாலின் நாவல்களைக் கல்லூரிகளிற் கட்டாய பாடமாக்க முயன்றபோது கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. ஆயர்கள் நிருபம் விடுத்தனர். ஆண்டுதோறும் மலர்வளையத்துக்குத் தடை சொல்லாத நாடு, அவர் எழுத்தைப் படிக்கப் போகிறோம் என்றதும் கொந்தளித்தது! மதநம்பிக்கையைக் காரணங்காட்டி விலக்குப் பெற வழிசெய்த பின்னரே, யூன் 12இல், அது சட்டமாயிற்று. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

ஆசிரியராகிய நமக்குச் சட்டத்தின் வலிமையும் தெரியும். வகுப்பறையின் வலிமையும் தெரியும். எந்த நூலையும் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கற்ற மொழிகள், பெற்ற பட்டங்கள் எனக் கூறுபோட்டு, பரீட்சைக்கு மனனஞ் செய்வித்து, செத்த பொருளாக்கிவிடலாம். தடைசெய்வதைக் காட்டிலும் இது எளிதான வழி. ரிசால் ஸ்பானிய மொழியில் எழுதியதை அவர் மக்களுட் பெரும்பாலோர் படிக்க இயலவில்லை. தகாலொக் மொழியில் அவர் தொடங்கிய நாவல் முற்றுப்பெறவில்லை. மொழிபெயர்ப்பும் பள்ளிக்கூடமும் வந்த பின்னரும் அந்நூல்கள் மக்களிடம் சேரவில்லையாயின், குற்றம் அவருடையதன்று, கற்பிப்போருடையது.

2004 நவம்பர் 16இல் தார்லாக் மாகாணத்தின் லூயிசித்தாக் கரும்புப் பண்ணையில் வேலைநிறுத்தம் செய்தோர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ஏழு பேர் மாண்டனர். அந்நிலத்தை உழுதவர்க்குப் பகிருமாறு உயர்நீதிமன்றம் இறுதியாகக் கூறியது 2012இல். காலம்பாவின் கதை 1891இல் முடிந்துவிட்டதென்று யார் சொல்வார்?

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. ரிசாலைத் தொழவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். அவர் தயங்கிய இடத்தைத் தயங்கிய இடமென்றே மாணாக்கருக்குச் சொல்வோம். பின்னர், தாலெஸ் நிலமிழந்த அத்தியாயத்தைத் திறந்து வாய்விட்டுப் படிப்போம். அந்நிலம் யாருடையது என்ற வினாவை வகுப்பறையில் ஒரு மாணவன் எழுப்புவானாயின், சிலையின் கையிலுள்ள புத்தகம் அன்று திறந்ததாகும்.