எது ஜேர்னல்?

சஞ்சிகைக்கு எழுதுவது வேறு, ஜேர்னலுக்கு எழுதுவது வேறு என்று நமது கல்வியாளர் சிலர் பேசத் தொடங்கி நீண்ட காலமாகிறது. வேறு என்பதோடு நிறுத்தினால் சண்டையில்லை. ஒன்று மேல், மற்றது கீழ் என்ற தொனியில் சொல்லப்படுவதால்தான் இதனை எழுத நேர்கிறது.

ஜேர்னல் என்ற சொல் பிறக்கும்போதே சிம்மாசனத்தில் பிறந்ததா? ‘நாளுக்குரியது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. இத்தாலியரான லூக்கா பச்சோலி 1494 இல் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கியபோது குறிப்பேடு, நாளேடு, பேரேடு என மூன்று ஏடுகளைச் சொன்னார். அவற்றுள் நடுவிலுள்ளதே ஜேர்னல். கணக்கீடு படிக்கும் நமது பிள்ளைகள் ‘பொது நாளேடு’ என்பது இதனைத்தான். கடற்பயணி எழுதிவைத்த நாட்குறிப்பும் ஜேர்னல்தான். பொறியியலாளரைக் கேட்டால், சுழலும் தண்டில் தாங்கிக்குள் அமர்ந்திருக்கும் பகுதி என்பார். கடைக்காரனுக்கும் மாலுமிக்கும் இயந்திரத்துக்கும் பொதுவான ஒரு சொல்லைப் பல்கலைக்கழகம் மட்டும் தன் பெயரில் உறுதி முடித்துக்கொண்டது எப்படி?

1665 ஜனவரியில் பரிஸில் வெளிவந்த ‘ஜூர்னல் தெ சாவான்’ ஐரோப்பாவின் முதல் அறிவியல் ஜேர்னல் எனப் போற்றப்படுகிறது. புதிய நூல்களின் அறிமுகமும் மறைந்த அறிஞர் பற்றிய குறிப்புகளும் அதன் நோக்கங்களுள் இருந்தன. அதாவது, நமது சஞ்சிகைகள் செய்துவரும் வேலை! துறைசார் மதிப்பீட்டாளரின் பார்வைக்கு அனுப்பிய பின்னரே பிரசுரிப்பது என்ற விதியை ‘நேச்சர்’ கட்டாயமாக்கியதோ 1973 இல்தான். மதிப்பீடு நல்ல ஏற்பாடு, அதனை எதிர்க்கவில்லை. ஆனால் அது பின்னால் வந்த ஏற்பாடு. அதனைப் பிறப்புரிமையாகக் காட்டுவதுதான் பொய்.

அறபியில் பத்திரிகையைக் குறிக்கும் ‘ஜரீதா’ என்ற சொல்லுக்கு, இலை உரித்த பேரீச்ச மட்டை என்பது பழைய பொருள். தமிழில் ஏடு என்றால் பனையோலை. இரு மொழிகளும் எழுத்தை மரத்திலிருந்தே எடுத்தன; பட்டம் பதவியிலிருந்து அல்ல.

இனி நமது வரலாற்றுக்கு வருவோம். சித்திலெவ்வை 1882 இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ எந்த மதிப்பீட்டாளர் குழுவிடம் அனுமதி பெற்றது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கை முஸ்லிம்களைப் பற்றி ஆராய்பவர் அதனை ஒதுக்கிவிட்டு எழுத முடியுமா? 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்கு வீட்டிலிருந்த நாட்குறிப்பையும் கணக்கேட்டையும் தேடியெடுக்க நேரமிருந்ததா? அவ்வாறு அழிந்த ஏடுகளுக்கு ஈடாக இருப்பவை, பின்னர் எழுதப்பட்ட கதைகளும் கவிதைகளும் நினைவுக் குறிப்புகளும். அவற்றில் கணிசமானவை சிறு சஞ்சிகைகளின் பக்கங்களில் கிடக்கின்றன. இன்று அவற்றை மேற்கோள் காட்டி எழுதும் கட்டுரைக்குப் பதவியுயர்வில் புள்ளி உண்டு. அவற்றைப் பதிந்துவைத்த சஞ்சிகைக்கோ நூலகத்தில் ஓர் இறாக்கை கூட இல்லை. இது என்ன நியாயம்?

நம் பக்கத்துக் குறையையும் மூடிமறைக்கலாகாது. இந்த அலட்சியத்துக்குப் பதிலாகச் சிலர் அட்டையில் ‘ஆய்விதழ்’ என்று அச்சடிக்கிறார்கள். உள்ளே ஆய்வுமில்லை, மதிப்பீடுமில்லை. இது எதிர்ப்பல்ல, இரவல் சட்டை. வேறு சிலர் இதழ் எண்ணையோ திகதியையோ போடுவதேயில்லை. ‘நாளுக்குரியது’ என்ற பெயரைக் கோருபவர் நாளைக் குறிக்காமல் விட்டால், நாளைய வாசகன் எதைப் பிடித்து நம்மைத் தேடுவான்?

ஆகவே நாம் கேட்பது ஜேர்னல் என்ற பட்டத்தையல்ல. பல்கலைக்கழக நூலகங்கள் நமது சஞ்சிகைகளை முழுத் தொகுதிகளாகச் சேர்த்துப் பாதுகாக்கட்டும். அவற்றிலிருந்து எடுப்பவர்கள் பெயரும் இதழும் திகதியும் ஒழுங்காகக் குறிப்பிடட்டும். நாமும் ஒவ்வோர் இதழிலும் அவற்றைத் தவறாமல் அச்சிடுவோம். அன்றன்று பதிந்துவைப்பவனே ஜேர்னல்காரன். அந்த வேலையை நாம் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.