லோயர் பரேலை "அப்பர் வொர்லி" ஆக்கியவர்கள்

மும்பை வீட்டுத் தரகர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. லோயர் பரேல் என்ற பெயரில் இருக்கும் 'லோயர்' கோடிகளில் வீடு வாங்க வருபவர்களுக்கு உறுத்துகிறதாம். அதனால் அதே இடத்தை "அப்பர் வொர்லி" என்று சொல்லி விற்பார்கள். அப்படி ஒரு ஸ்டேஷன் கிடையாது, தபால் ஆபீஸும் கிடையாது. கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் ஒரு பேட்டையை அழிக்கிற வேலையில் பெயரை அழிப்பது கடைசியில்தான் வரும். மற்றதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

என் ஆபீஸ் லோயர் பரேலில். பழைய மில் காம்பவுண்டுக்குள் எழுந்த கண்ணாடிக் கட்டடம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மாற்றலாகி வரும் நம்மாட்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெரிய ஆபீஸ்களுக்கு நடுவுல இந்த இடிஞ்ச சால்களை ஏன் சார் இன்னும் விட்டு வெச்சிருக்காங்க?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தலைகீழ். சால்கள்தான் முதலில் இருந்தவை. நடுவில் வந்தது நாம்.

சால் என்பது நம் ஊர் ஒண்டுக்குடித்தனத்தின் மாடி வைத்த அண்ணன். நீள வராந்தா, வரிசையாக அறைகள், கோடியில் பொதுக் கழிப்பறை. இந்தச் சால்களும் மில்களும் சேர்ந்த பகுதிக்கு மராத்தியில் கிரண்காவ் என்று பெயர். கிரணி என்றால் மில், காவ் என்றால் கிராமம். 1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் தார்தேவில் முதல் பஞ்சாலைக்கு அடி போட்டார். பிறகு பைகுல்லா, லால்பாக், பரேல், சிவ்ரி, வொர்லி, பிரபாதேவி என்று நகரத்தின் நடுவயிறு முழுக்க மில்கள். 58 மில்கள், சுமார் 600 ஏக்கர் நிலம். 1980 வாக்கில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேருக்கு அங்கே வேலை.

இந்த எண்களை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பேட்டை கையில் காசில்லாமல் வருகிறவனுக்கு வாசலாக இருந்தது. ரத்னகிரியிலிருந்தோ சதாராவிலிருந்தோ ஒருவன் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவான். ஊர்க்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறை ஒன்று இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் பத்துப் பதினைந்து பேர். மூன்று ஷிப்ட் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை. ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுப்பான். சாப்பாட்டுக்கு காணாவள். ஒரு பெண்மணி தன் வீட்டு அடுப்பிலேயே பத்து, இருபது பேருக்குச் சமைத்துப் போட்டு மாதம் முடிந்ததும் பணம் வாங்கிக்கொள்வார். இந்தப் பெண்களை ஒன்று சேர்த்து, வட்டிக்காரனிடமிருந்து மீட்டு பேங்க் கடன் வாங்கிக் கொடுக்கத்தான் 1975-இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். மில் சங்கு ஊதினால் நடந்தே வேலைக்குப் போகலாம். ரயில் பாஸ் செலவுகூட இல்லை.

இது நமக்குப் புரியாத விஷயமா என்ன? கொஞ்சம் தள்ளி மாட்டுங்காவில் மெஸ் சாப்பாடும் பகிர்ந்துகொண்ட அறையுமாக, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் மட்டும் தெரிந்து வந்த ஒரு தலைமுறைத் தமிழர்கள் காலூன்றியதும் இதே மாதிரித்தான். அவர்களுக்கு ரசம் சாதம், இவர்களுக்கு பாக்ரி. மற்றபடி வித்தியாசம் குறைவு.

வேலை இருந்த இடத்தில் கலையும் இருந்தது. ஷிப்ட் முடிந்த தொழிலாளிகள் நாடகம் பார்க்க பரேலில் தாமோதர் ஹால், மராத்திப் படம் பார்க்க லால்பாகில் பாரத்மாதா தியேட்டர். அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக் போன்ற ஷாஹிர்கள் சால் முற்றங்களில் டஃப் அடித்துப் பாடினார்கள். தெருவில் கண்டெடுத்த குழந்தையை ஒரு மில் தொழிலாளி வளர்த்தார். அந்தக் குழந்தைதான் பின்னால் மராத்தியின் பெரிய கவிஞர் நாராயண் சுர்வே ஆனது.

பிறகு 1982 ஜனவரி 18. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தம். சம்பள உயர்வு, போனஸ், பத்லி தொழிலாளிகளுக்கு நிரந்தர வேலை, ஒரே சங்கத்துக்கு மட்டும் அங்கீகாரம் தரும் 1946-ஆம் வருஷச் சட்டத்தை நீக்குவது என்று கோரிக்கைகள். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. முறையாக வாபஸ் வாங்கப்படவே இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. ஆண்கள் ஊருக்குத் திரும்பியதும் காணாவள் அடுப்புகள் அணைந்தன. 1997-இல் சாமந்த் சுட்டுக் கொல்லப்பட்டார்.

"யூனியன்தான் பம்பாயைக் கெடுத்தது" என்று கேன்டீன் பேச்சில் சுலபமாக முடித்துவிடுகிறோம். பாதி உண்மைகூட இல்லை. பல முதலாளிகள் லாபத்தை எந்திரங்களில் திரும்பப் போடாமல் வெகு காலம் ஓட்டினார்கள். நெசவு பிவண்டி பவர்லூம்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. தறியை விட தறி நிற்கும் தரைக்கு மதிப்பு கூடிவிட்டது. அப்புறம் மில்லை ஓட்ட யாருக்கு மனசு வரும்?

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 1991-இல் அரசாங்கமே ஒரு நல்ல விதி போட்டது. மில் நிலத்தை விற்றால், மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கு, இன்னொரு பங்கு வீட்டு வசதிக்கு, மீதி உரிமையாளருக்கு. 2001-இல் அதைத் திருத்தினார்கள். மொத்த நிலத்தையும் பங்கிட வேண்டாம், ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் இடத்தை மட்டும் பங்கிட்டால் போதுமாம். மில் காம்பவுண்டில் காலி இடம் எவ்வளவு இருக்கும்? முழுக்க ஷெட்டுகள்தானே! 2005-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பொதுமக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006-இல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. இதற்கிடையே 2005 ஏலத்தில் மும்பை டெக்ஸ்டைல் மில் நிலம் மட்டும் 702 கோடிக்குப் போனது. மில்கள் மூடியது காலத்தின் போக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம். பேட்டை அழிந்தது ஒரு திருத்தத்தினால்.

சால் வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டவர்கள் ஏராளம். கழிப்பறை வரிசையைப் பற்றிக் கேட்டால் அங்கே பிறந்தவர்களே தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த ஆபீஸ்கள் இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு இந்த ஊரில் சம்பளமும் இல்லை. அதையும் மறுக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு நிலத்திலேயே இந்த ஆபீஸ்கள் தாராளமாக எழும்பியிருக்கும். மீதியில் மைதானமும் வீடும் வந்திருக்கும்.

எங்கள் தெருமுனையில் கட்டிங் சாய் விற்கும் காகாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. 82 வரை மில்லில் இருந்தவர். ஒருநாள் சொன்னார்: "அண்ணா, மில் மூடினதுல எனக்குக் கோபம் இல்ல. மெஷின் எல்லாம் பழசு. ஆனா நான் பன்னிரண்டு வருஷம் மெயின் கேட் வழியா போய் வந்த இடத்துல, என் பையன் பார்சல் கொண்டு போனா சர்வீஸ் லிஃப்ட்ல போன்னு சொல்றாங்க." பையன் தினமும் வருவது நாலாசோபாராவிலிருந்து. அப்பா நடந்து போன வேலைக்கு, மகன் ஒன்றரை மணி நேரம் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறான்.

சங்கு ஊதிய பேட்டையில் கூட்டம் இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் எல்லோரும் வந்து போகிறவர்கள். 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகலான நடைமேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் செத்தார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-இல் கமலா மில்ஸ் காம்பவுண்டில் மாடி ரெஸ்டாரன்ட்கள் தீப்பிடித்து 14 பேர். நிலத்தை விற்றவர்கள், அங்கே வரப்போகும் ஆயிரக்கணக்கான கால்களுக்கு வழியும், தீயணைப்பு வண்டிக்கு இடமும் யோசிக்கவில்லை.

மில் தொழிலாளிகளுக்கு வீடு? 2012 குலுக்கலில் 6,925 வீடுகள் கொடுத்தார்கள். விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். 2024-இல் வந்த திட்டம் ஷேலு, வாங்கணியில் வீடு என்றது. பத்லாபூருக்கும் அப்பால் கர்ஜத் லைன். நகரத்தைக் கட்டியவர்களுக்கு நகரத்துக்கு வெளியே வீடு! தொழிலாளிகள் மும்பைக்குள்ளேயே வேண்டும் என்று போராடுவதில் என்ன தப்பு?

முடியாத காரியம் என்று சொல்பவர்கள் பி.டி.டி. சால்களைப் பார்க்கட்டும். 160 சதுர அடி அறையில் இருந்தவர்களுக்கு அதே இடத்திலேயே 500 சதுர அடி சொந்த வீடு என்று திட்டம். 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் சாவி வாங்கின. மனசு இருந்தால் மார்க்கம் உண்டு.

மராத்திக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் பின்னி மில் தொழிலாளிகளால்தான். அந்த மில் 1996-இல் மூடியது. பிறகு சினிமா ஷூட்டிங், அப்புறம் அடுக்குமாடி. கதை அதேதான், சங்கு மட்டும் வேறு.

நாம் எல்லோரும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பேட்டையின் தயவில் கால் வைத்தவர்கள். கடனுக்குச் சாப்பாடு போட்ட மெஸ், அட்வான்ஸ் கேட்காமல் அறை கொடுத்த மாமி, வேலைக்குச் சொல்லிவிட்ட ஊர்க்காரர். நமக்குப் பின்னால் வருகிறவனுக்கும் அப்படி ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் ஊரில் ஒரு பழைய பேட்டையை இடித்து "டெவலப்மென்ட்" என்றால், எத்தனை மாடி என்று கேட்பதற்கு முன், அங்கே இருந்தவர்களுக்கு அங்கேயே எத்தனை வீடு என்று கேளுங்கள். நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அப்பர் வொர்லி" என்று என் வாயிலிருந்து வராது.