ஓசியில் கிடைத்தால் யார் செய்தது என்று கேட்க வேண்டாமா?

தரமணி டைடல் பார்க்கில் இருக்கும் சி-டாக் சென்னை மையம் பாஸ் லினக்ஸை 2007ல் வெளியிட்டது. இயங்குதளத்தை அவர்கள் அடியிலிருந்து எழுதவில்லை. 1993ல் தொடங்கிய டெபியனை எடுத்து அதன்மேல் கட்டினார்கள். டெபியனில் எந்தப் பொதியை யார் பார்த்துக்கொள்கிறார், எந்த ஓட்டை எப்போது அடைபட்டது என்பதெல்லாம் திறந்த கணக்குப் புத்தகம்.

இப்போது நம்ம மக்கள்ஸ் செய்வதைப் பாருங்கள். டிபார்ட்மெண்டுக்கு ஒரு வலைத்தளம் வேண்டும். மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு வழங்கி. அதில் டாக்கர். நிரலையும் அது ஓடத் தேவையான சாமான்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிய இமேஜ் வேண்டும். தேடினால் ஐம்பது வரும். முதலில் கண்ணில் பட்டதை இறக்கி ஓடவிட்டு விடுகிறார்கள்! மூட்டையைக் கட்டியது யார்? ம்ஹூம், கேட்பதே இல்லை.

'நிறைய பேர் இறக்கியிருக்கிறார்களே' என்பது வழக்கமான பதில். டாக்கர் ஹப்பில் ஒரே கணக்கிலிருந்து வந்த 17 இமேஜ்கள் 2018 மே மாதம் நீக்கப்பட்டன. உள்ளே இருந்தது, அடுத்தவன் வழங்கியில் மொனெரோ காசு தோண்டும் நிரல். நீக்குவதற்குள் 50 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டுவிட்டன. கூட்டம் சான்றிதழ் ஆகாது.

'பெரிய பெயர்' என்பதும் போதாது. பிட்னாமி இமேஜ்களை நம்பாத ஆளே கிடையாது. பிராட்காம் கைக்குப் போனபின், 2025ல் பழைய இமேஜ்கள் தனிக் கிடங்குக்குத் தள்ளப்பட்டன. அங்கே இனி இற்றை கிடையாது. இலவசமாக மிஞ்சியது கொஞ்சம்தான்.

அடுத்த வியாதி 'லேட்டஸ்ட்'. எண் போடாமல் போஸ்ட்கிரெஸ் இமேஜை இறக்குகிறவன், 2025 செப்டம்பருக்கு முன் 17ஐப் பெற்றான், பின் 18ஐப் பெற்றான். 17ன் தரவை 18 தானாக மாற்றிக்கொள்ளாது. இமேஜில் தரவு வைக்கும் இடமும் மாறியது. தளம் படுத்துவிடும். 17 என்று எண் போட்டிருந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்திருக்கும், தாவல் வந்திருக்காது.

அளவில் சிறியது என்று ஆல்பைனுக்கு ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் அடிப்படை சி நூலகமே வேறு, மஸ்ல். டெபியனில் ஓடும் சில நிரல்கள் அங்கே முரண்டு பிடிக்கும். சோதித்துவிட்டுப் போங்கள்.

அதனால் நிரலை எழுதியவர்களே வெளியிடும் இமேஜ், அல்லது டாக்கரின் அதிகாரப்பூர்வ வரிசை. கடைசி இற்றை எந்தத் தேதி என்று பார்ப்பது. பதிப்பு எண். மாதம் ஒருமுறை மீண்டும் இறக்குவது, அதற்கு முன் தரவுக்கு நகல். இவ்வளவுதான், பத்து நிமிட வேலை.

அந்தத் தளத்தில் பதிவு செய்தவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கிறது. வவுச்சர் இல்லாத செலவை கணக்கில் ஏற்றாதே என்று முதல் வருடமே படிக்கிற பிள்ளைகள், ஊர் பேர் தெரியாத மூட்டையை மட்டும் எப்படி ஏற்றுகிறார்கள்?