கட்டடம் கிடைத்துவிட்டது, சேரி எங்கே?

பழைய சென்னைப் படம் ஒன்று முகநூலில் வந்தால் போதும், 'இது எந்தக் கட்டடம்?' என்று ஒரு கூட்டமே துப்பறியக் கிளம்பிவிடும். வேலையில் குறை சொல்ல முடியாது. தெருவில் டிராம் தண்டவாளம் தெரிந்தால் படம் 1895-க்கு முந்தியதல்ல. உயர் நீதிமன்றக் கோபுரங்கள் இல்லாமல் 1844-இன் கல்தூண் கலங்கரை விளக்கம் மட்டும் நின்றால், 1892-க்கு முந்தியது. நிழலை வைத்துத் திசையைக் கணித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, பங்களாவின் முதல் உரிமையாளர் வரை சொல்லிவிடுகிறார்கள். ஆய்வுக்காக நானும் இதைத்தான் செய்கிறேன்.

ஆனால் பழைய சென்னை வரைபடங்களில் ஆங்கில எழுத்தில் 'பார்ச்சேரி' என்றிருப்பதை மட்டும் யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. பறைச்சேரியின் திரிபு அது. வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று பேசுவதில் ஒரு வசதி: பழி முழுக்க வெள்ளைக்காரன் தலையில். கறுப்பர் நகரத்துக்குள் என்ன நடந்தது? 1707-இல் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று வலங்கை, இடங்கைச் சாதிகள் மோதிக்கொண்டன. கவர்னர் தாமஸ் பிட், பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்தார். பறையர்கள் வலங்கைக் கணக்கில்தான் இருந்தார்கள். குடியிருக்க மட்டும் தனிச் சேரி. அந்த பிட் காலத்து வரைபடத்தைத்தான் இன்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம்.

தூணும் வளைவும் இருந்தால்தான் அடையாளம் காண முடியும் என்றால், செங்கல் வைத்திருந்தவனுக்கு மட்டுமே வரலாறு. ஓலைக்குடிசைக்கு எந்தத் தூணைத் தேடுவது? பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் படத்தை எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் எரிந்த சேரிக் குடிசைகள் எந்தப் 'பாரம்பரிய நடை'யிலும் வருவதில்லை. (அந்த நடைகளுக்குக் கட்டணம் வேறு.)

இது வெறும் ரசனைச் சண்டை அல்ல. கூவம் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்று சொல்லித்தான் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். நூறாண்டுக்கு முந்திய வரைபடத்தில் தங்கள் குடியிருப்பு இருந்ததென்று காட்ட முடிந்தால், அந்தச் சொல்லை எதிர்த்து நிற்க அவர்கள் கையில் ஒரு தாளாவது இருக்கும். அதைத் தேடும் திறமை யாரிடம் இருக்கிறது? பங்களாவின் முதல் உரிமையாளரைத் தேடி இரவெல்லாம் விழித்திருப்பவர்களிடம்.

அடுத்த முறை ஒரு வரைபடத்தைத் திறக்கும்போது, அதிலுள்ள சேரிகளையும் குறித்து, வரைபடத்தின் ஆண்டையும் தாள் எண்ணையும் சேர்த்து வெளியிடுங்கள். காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு கதவில் ஒட்டப்படுவதற்கு முன்பே அது அந்தத் தெருவுக்குப் போய்ச் சேரட்டும்.