புகை வந்தால் எந்த எண்ணை அழுத்தவும்?

பேட்டரி உப்பிடுச்சு, சார்ஜர்ல புகை வருதுன்னு கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணிப் பாத்திருக்கீங்களா மக்களே? புதுசா வாங்க ஒண்ணை அழுத்தணும், பில் விவரத்துக்கு ரெண்டு, ரிப்பேருக்கு மூணு. 'வீடு பத்திக்கப் போகுது'ங்கறதுக்குத் தனி நம்பர் கிடையாது. அதுவும் மூணுதான். ஸ்கிரீன்ல கீறல் விழுந்தவனும் தீப்பிடிக்கப் போறவனும் ஒரே வரிசைல நின்னு பாட்டு கேக்கணும். என் கடுப்பெல்லாம் இதுலதான்.

போன வருஷம் எங்க வீட்டு லேப்டாப் பேட்டரி உப்பி, டச்பேடையே மேல தள்ளிடுச்சு. (கம்பெனி பேர் வேணாம். வக்கீல் நோட்டீஸ் வாங்குற வசதியெல்லாம் நமக்கு இல்லை :-)) நாலு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் கதையை முதல்லேர்ந்து சொல்லணும். மூணாவது ஆள் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்றார். நாலாவது ஆள், "பெட்டில வச்சு கூரியர் பண்ணிடுங்க" என்றார்.

கூரியராம்! உப்பின லித்தியம் பேட்டரிக்குள்ள வாயு அடைச்சுக்கிட்டு இருக்கு. நசுங்கினாலோ குத்துப்பட்டாலோ உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, ஒரு செல்லோட சூடு அடுத்த செல்லைப் பத்த வச்சிடும். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்துல ஏத்தக்கூடாதுன்னு சர்வதேச விதியே இருக்கு. அதை விக்கிற கம்பெனியோட ஆளுக்கே இது தெரியலை. அந்தப் பையன் மேல எனக்குக் கோபமில்லைங்க. அவன் முன்னாடி இருக்குற திரையில வர்றதைப் படிக்கிறான். அதுல 'ஆபத்து'ன்னு ஒரு கட்டம் போடாம விட்டது அவனுக்கு மேல உக்காந்திருக்குறவங்க.

முடியாத காரியமான்னா, இல்லை. 2007 ஆகஸ்ட்ல நோக்கியா பிஎல்-5சி பேட்டரி விவகாரம் ஞாபகம் இருக்கா? ஊரே பேட்டரியைக் கழட்டிப் பாத்துச்சு. மட்சுஷிட்டா தயாரிச்ச 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள்ல கோளாறு இருக்கலாம்னு நோக்கியாவே அறிவிச்சது. பின்பக்கத்துல இருக்குற 26 இலக்க எண்ணைச் சரிபாருங்க, உங்களுதுன்னா இலவசமா மாத்தித் தர்றோம்னு சொன்னாங்க. முதல்ல கொஞ்சம் களேபரம் ஆச்சுதான், ஆனா ஜனங்களுக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்சுது.

இன்னொரு பக்கம் 2016ல சாம்சங் நோட் 7. வித்த 25 லட்சம் போனையும் செப்டம்பர்ல திரும்பக் கேட்டாங்க. பதிலுக்குக் கொடுத்த புது போனும் எரிஞ்சுது. அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல ஒருத்தர் அப்படி மாத்தி வாங்கின போனோட புகையைச் சுவாசிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைப் பத்தி, 'வேணும்னா இழுத்தடிக்கிறேன், இல்லை மிரட்டுறதைச் செய்யட்டும்னு விட்டுப் பாக்கலாம்'ங்கற மாதிரி கம்பெனி ஆள் தன் சகாவுக்கு எழுதின குறுஞ்செய்தி, தவறுதலா அவருக்கே வந்துடுச்சு! கஸ்டமர் சப்போர்ட்டோட மனசுல என்ன ஓடுதுன்னு உலகத்துக்கே தெரிஞ்சது அன்னிக்குத்தான். அடுத்த சில நாள்லயே அந்த மாடல் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க.

நம்ம நாட்டுல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம், பழுதான பொருளால காயமோ சேதமோ ஆனா தயாரிச்சவன், வித்தவன் ரெண்டு பேர்கிட்டயும் நஷ்டஈடு கேக்கலாம். நாம குடியிருக்குற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை. முதல் கட்டமா 1915ங்கற தேசிய ஹெல்ப்லைன் இருக்கு. எனக்கு அதுல புகார் பதிஞ்ச பிறகுதான் கம்பெனியிலேர்ந்து ஆள் வீடு தேடி வந்து பேட்டரியை எடுத்துட்டுப் போனார்.

அப்புறம் ஒரு விஷயம். சர்வீஸ் சென்டர்ல கொடுக்குற ஜாப் ஷீட்ல 'சார்ஜ் நிக்கலை'ன்னுதான் எழுதுவாங்க. விடாதீங்க. 'பேட்டரி உப்பியிருக்கு'ன்னு அவங்க கையாலயே எழுதச் சொல்லி, பொருளையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துக்கிட்டு, அப்புறமா ஒப்படைங்க. எழுத மாட்டேன்னு என்கிட்டயும் அரை மணி நேரம் மல்லுக்கு நின்னாங்க.