ஊசி மாற்றும் நேரம்

போன மாதம் போடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னோடு ஒரே ஆபீஸில் குப்பை கொட்டிய நண்பர் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஏதோ சொன்னார். நானும் ஏதோ சொன்னேன். இரண்டு பேர் காதிலும் விழுந்தது டி.ஜே. பாட்டுதான். கடைசியில் சைகையிலேயே விடைபெற்றோம். அந்த ஆதங்கத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'டிஸ்கோதெக்' என்பது பிரெஞ்சுச் சொல். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது ஆட்டம் போடும் கிளப்பாக அறிமுகமாகவில்லை. 'பிப்லியோதெக்' என்றால் நூலகம். 'டிஸ்கோதெக்' என்றால் இசைத்தட்டு நூலகம். அப்படியானால் டி.ஜே. என்பவர் நூலகர். வந்தவர் முகத்தைப் பார்த்து எதை எடுத்துக் கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டியவர்.

அப்படியொரு நூலகரை நான் முதலில் பார்த்தது குரங்கணியில்தான். 1960களில் லீவுக்குத் தாத்தா வீட்டுக்கு வருவேன். ஊரில் விசேஷம் என்றால் போடியிலிருந்து மைக் செட்காரர் பெட்டி, பேட்டரி, குழாய் சகிதம் வந்து இறங்குவார். புளியமரத்தில் குழாயைக் கட்டியதும் முதலில் பிள்ளையார் பாட்டு. 78 சுற்று இசைத்தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். பிறகு தட்டைத் திருப்ப வேண்டும், ஊசி மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் அவர் நிமிர்ந்து பந்தலைப் பார்ப்பார். பந்தி நடக்கிறதா, பெண்ணை அனுப்பும் நேரமா என்று பார்த்துத்தான் அடுத்த தட்டை எடுப்பார். பெட்டியில் இருப்பது முப்பது, நாற்பது தட்டு. அதற்குள் சமாளித்தாக வேண்டும். ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று காதில் விழுந்ததும், யாரும் சொல்லாமலே மரத்தில் ஏறிக் குழாயை மலைப் பக்கம் திருப்பி வைத்தார்.

மேல்நாட்டு கிளப்புகளில் தொழில் வேறு மாதிரி வளர்ந்தது. இரண்டு தட்டு இயந்திரங்கள். ஒன்று ஓடும்போதே மற்றொன்றை ஒரு காதில் கேட்டு, தாளம் பிசகாமல் வேகத்தை ஒட்டவைத்து, ஆட்டம் நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் நுழைய வேண்டும். 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 இயந்திரம் அதற்குப் பேர்போனது. 2001இல் பயனியர் கம்பெனி, சி.டி.யையும் தட்டு மாதிரி கையால் சுழற்றும் கருவியைக் கொண்டுவந்தது. இன்றைக்கு மடிக்கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் தாளம் தானே ஒட்டிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான பாட்டு ஒரு பென் டிரைவில் அடங்கிவிடுகிறது.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் குழாய் விடிய விடிய அலறியதில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும் நோயாளிகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்று 2000ஆம் வருஷம் மத்திய அரசு விதி போட்டது சும்மா இல்லை.

விரலின் வேலையை இயந்திரம் வாங்கிக்கொண்டதில் எனக்குக் குறையில்லை. கை ஓய்ந்தால் கண் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்க்கலாமே! மாறாக, அது திரைக்குள்ளேயே புதைந்துவிட்டது. ஊசி மாற்றும் அந்த அரை நிமிஷத்தில்தான் தொழிலின் உயிர் இருந்தது என்பேன்.

அன்று அந்த டி.ஜே. பையனிடம் போய்ச் சொல்லியும் பார்த்தேன். நல்ல பிள்ளை. "பாட்டு நின்னா கூட்டம் கலைஞ்சிரும் தாத்தா, அப்புறம் காசு தரமாட்டாங்க" என்றான். அதுவும் நியாயம்தான். எத்தனை பாக்ஸ் வைப்பாய் என்று கேட்டு அட்வான்ஸ் கொடுப்பது நாம்தானே? 'பந்தி நேரத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொள்' என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் என்ன?

மறுநாள் நண்பருக்கு போன் போட்டு, "நேத்து என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சத்தம் தாங்கல, வெளியே போய்ப் பேசுவோமான்னுதான் கேட்டேன் சார்" என்றார்.