எண்ணப்படாத குழந்தைகள்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. எழுத்தைக் கற்பிக்கும் நான் எண்ணைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. எண்ணப்படாதவர்மீது உலகின் பார்வை விழுவதில்லை. அறுவை மருத்துவம் வேண்டி நிற்கும் ஏழை நாட்டுக் குழந்தைகள் அத்தகையோர்.

2015ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம், உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான அறுவை மருத்துவம் எட்டவில்லை என்றது. முன்னேற்றத்தை அளக்க ஆறு அளவுகோல்களையும் வகுத்தது. ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் மக்களுக்கு 5,000 அறுவைகள் என்பது அவற்றுள் ஒன்று. அவசர அறுவை வசதி இரண்டு மணி நேரத்துள் கிட்டவேண்டும் என்பது மற்றொன்று. மகப்பேற்று அறுவை, வயிற்றறுவை, திறந்த எலும்பு முறிவுச் சிகிச்சை ஆகிய மூன்றும் மருத்துவமனையின் திறனுக்கு அடையாளமாயின. இம்மூன்றையும் செவ்வனே செய்யும் மருத்துவமனையில், பிறந்து ஒரு நாளேயான சிசுவுக்கு மயக்கமருந்து கொடுக்க வல்லவர் இல்லாதிருக்கலாம். அளவுகோல் நிறைவு பெறும், குழந்தை பிழைக்காது.

இது வெறும் ஐயமன்று. 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில், பிறவியிலேயே செரிமான உறுப்புக் குறைபாடுடைய குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. குடல் வெளியே சரிந்த நிலையில் பிறந்த குழந்தைகளுள், வளமான நாடுகளில் இறந்தோர் 100க்கு இருவர்கூட இல்லை. வறிய நாடுகளில் 90 பேர். நோய் ஒன்றே, பிறந்த மண்தான் வேறு. இவர்களேனும் மருத்துவமனையை அடைந்தவர்கள். வீட்டிலும் வழியிலும் மறைந்த குழந்தைகளை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

'எண்ணிக்கொண்டிருப்பதைவிட ஒரு குழந்தைக்குச் சிகிச்சை அளிப்பது மேலன்றோ?' எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் தடுப்பூசியின் வரலாற்றை நோக்குங்கள். ஊசி பெற்ற குழந்தைகளை ஆண்டுதோறும் எண்ணியதனால்தான், விடுபட்டோர் எங்குளர் என்பது புலப்பட்டது. எண்ணுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஆனால் சரியானதை எண்ண வேண்டும். எத்தனை அறுவைகள் நடந்தன என்பது மட்டும் போதாது. தேவைப்பட்ட குழந்தைகளுள் எத்தனை பேர் வந்தனர்? உரிய நேரத்தில் வந்தனரா? பிழைத்தவர் எத்தனை பேர்? செலவினால் கடனாளியான குடும்பங்கள் எத்தனை? ஓராண்டுக்குப் பின் அக்குழந்தை ஓடி விளையாடுகிறதா? இவற்றை வயது வாரியாகப் பதிய வேண்டும்.

நாளை மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ பதிவேட்டைத் திறக்கவிருக்கும் மாணவச் செல்வங்களே, அதில் நிரப்பப்படாத ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் ஒரு தாய் நிற்கிறாள் என்பதை மறவாதீர்கள்.